யென்சன் அம்மாவின் சமையலறை

டோஸ்ட்ருப்,
12 யூன் 1986

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தம்பி மகேந்திரராசா எழுதுவது. நான் சுகம். அங்கே குண்டுச் சத்தம் இல்லாமல் நீங்களும் அத்தானும் இரவில் நித்திரை கொள்ளக்கூடியதாக இருக்கிறதா என்று அறிய ஆவல். தன் வகுப்புக் குழுவோடு கட்டடக்கலைச் சுற்றுலாவுக்கு வந்த உங்கள் மகன் சிவபாலன் என்னோடு இரண்டு நாள் நின்றுவிட்டு, நேற்றுச் சுவீடனுக்குப் போய்விட்டான். போன விதத்தை வேறு யாரும் சொல்லுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது லேசில்லை, அக்கா. வந்ததும் தேத்தண்ணியைக் குடிக்காமல் என் யன்னலைத் திறந்து திறந்து மூடினான். “இந்த மூலையிலை வெளிச்சம் விழுகிற வடிவைப் பாருங்கோ மாமா” என்றான். அந்த மூலையில் நான் இவ்வளவு காலமும் சப்பாத்துத்தான் வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை நான் வேலைக்குப் போனபின், அளவுநாடாவோடு பக்கத்துத் தெரு மஞ்சள் செங்கல் வீடுகளைப் பார்க்கப் போயிருக்கிறான். ஒரு வீட்டில் யென்சன் என்ற வயதான டெனிஷ் அம்மா கதவைத் திறந்து, அவசரமாக உள்ளே கூப்பிட்டாராம். அவர் காத்திருந்தது குழாய் திருத்துகிறவருக்காக. இவனோ, மாணவர்களுக்கு இந்த நாட்டில் இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனான். இவனுக்கு டெனிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே காட்ட, இவன் முழங்காலில் நின்று அளந்தான். அவர் விடாமல் காட்ட, குழாய்ப் பூட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துக் கழற்றியும் விட்டான்.

சமையலறை குளமாகிவிட்டது. அவன் தொலைபேசியில் சொல்லக் கேட்டு நான் வேலையிடத்திலிருந்து ஓடிப்போனபோது, இருவரும் துவாயால் தண்ணீரை ஒற்றியபடி, அவரவர் மொழியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கினேன். அந்த அம்மா கதிரையில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உண்மையான குழாய்க்காரர் வந்து, எந்த மடையன் இதைக் கழற்றினது என்று கேட்டார். மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.

அதற்குள் அவனுடைய குழு ரயிலில் போய்விட்டது. யென்சன் அம்மா தன் சின்னக் காரில் எங்களை ஏற்றி, சுவீடன் கப்பல் புறப்படுகிற ஹெல்சிங்கோர் துறைமுகத்துக்குப் பறந்தார். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, கப்பல் தவறிப்போகட்டும் என்று வழி முழுவதும் நேர்ந்துகொண்டு போனேன். தவறவில்லை.

இறங்கியதும், “இஞ்சையே நிண்டு படியன், நான் பாக்கிறன்” என்று கேட்டேன். “கடைசி வருசம் மாமா. அம்மா பாத்துக்கொண்டிருப்பா” என்றான். மேலே கதைக்க விடாமல் யென்சன் அம்மா ஹோர்ன் அடித்தார். ஓடிப்போய் ஏறிவிட்டான்.

பின்லாந்துவரை போய், கொழும்புக்கு விமானம் ஏற அடுத்த மாதக் கடைசியில் இங்கேதான் திரும்பி வருவான். என் சொல்லை அவன் கேட்கமாட்டான். உங்கள் சொல்லைத் தட்டமாட்டான். அங்கேயே நில் என்று ஒரு தாயால் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். இங்கத்தைய மாரிக்குளிருக்குத் தடித்த கம்பளிச் சட்டை ஒன்று வாங்கினாயா என்று மட்டும் கேட்டு அவனுக்கு இரண்டு வரி போடுங்கள். மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.

நல்லூரான் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
மகேந்திரராசா