அப்பா எடுத்துப்போன டார்ச்

மார்கழி 9, புதன், இரவு

சிகாமட் ஆறு எங்கள் தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அங்கிருக்கும் சித்தியையும் பிள்ளைகளையும் அழைத்துவர அப்பா கிளம்பினார்.

"அரிக்கேன எடுக்கவா, டார்ச்ச எடுக்கவா?"

"மழை பட்டா அரிக்கேன் கண்ணாடி வெடிச்சிரும். டார்ச்சே எடுத்துக்குங்க" என்றாள் அம்மா.

அப்பா அழுத்திப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது.

பத்து நாளாகப் போர்வைக்குள் கதை படித்து பேட்டரியைத் தீர்த்தவள் நான்தான். அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று மாலையில் அதை அடுப்போரம் வைத்துச் சூடேற்றினேன். அந்தச் சூட்டில் வரும் வெளிச்சம் கால் மணி நேரம்கூடத் தாங்காது.

அவர் போய் இரண்டு மணி நேரமாகிறது.

அம்மா அரிக்கேனோடு வாசலில் நிற்கிறாள். "ஏண்டி அழுவுற? அப்பா கையில லைட் இருக்குல்ல" என்கிறாள். உண்மையைச் சொன்னால் இவளும் தண்ணீரில் இறங்கிவிடுவாள்.