ஓட்டையை அடைத்த விதம்

திங்கள், இரவு

கொச்சியில் நடந்த மென்பொருள் மாநாட்டுக்கு என்னை அனுப்பியதே ஏலக்காய் வாங்கும் எங்கள் முதலாளிதான். பாதுகாப்பு பற்றிய அமர்வில் காட்டிய ஓட்டை, அப்படியே அவருக்காக நான் எழுதிய ஏலக்காய் விற்பனை ஆப்பிலும் இருந்தது. விவசாயிகள் ரகசியமாகப் பதியும் குறைந்தபட்ச விலையை யாரும் பார்த்துவிடலாம். போடிமெட்டு மலைப்பாதையில் ஊருக்கு இறங்கும்வரை அதே யோசனைதான். இன்று காலையில் முதல் வேலையாக முதலாளியிடம் சொன்னேன்.

சிரித்தார். "தெரியும்மா. அதைப் பாத்து, அந்தக் கொறஞ்ச விலைக்குத்தான நான் கேக்குறேன். மத்தவன் பாக்காம மட்டும் அடைச்சிரு."

"எங்கப்பாவும் அதுலதான் விலை போடுறாருண்ணே."

"அதுக்கென்ன? சோலியப் பாரு."

மாநாட்டில் கற்றபடியே அடைத்தேன், அவருக்கு மட்டும் வழி விட்டு. 

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "ஏத்தா, அங்கன நல்லாச் சொல்லிக் குடுத்தாகளா?"

நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன்.