தாரணி மாற்றி எழுதிய வரிசை

என் செண்பகத்துக்கு,

முதலில் நல்ல சேதி. நம் தாரணிக்குக் கணிதப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. டெல்லியிலேயே, அவள் ஆசைப்பட்ட கல்லூரியில். நீ இருந்திருந்தால் இந்நேரம் நம் ஜனக்புரி பிளாக் முழுக்கக் கேசரி போயிருக்கும். நான் கடையில் லட்டு வாங்கிப் பக்கத்து வீட்டுக்கு மட்டும் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த இடத்தை நான் கெடுக்கப் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். உன்னைவிட்டால் வேறு யாரிடம் சொல்வேன்?

நுழைவுத் தேர்வு முடிந்ததும், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று விருப்ப வரிசையை இணையத்தில் நிரப்பச் சொன்னார்கள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக அரசாங்கப் படிவம் நிரப்புகிறவன் அல்லவா? மனதில் இருப்பதை முதலில் எழுதினால் எந்த ஆபீசும் கொடுக்காது என்பது எங்கள் செக்‌ஷனில் அத்தனை பேருக்கும் பாடம். அதனால் பி.காமை முதலில் போட்டேன், பொருளாதாரத்தை அடுத்து. கணிதத்தை மூன்றாவதாக ஒளித்துவைத்தேன்.

"அப்பா, கம்ப்யூட்டர் மேலேருந்துதான் பாக்கும். என் மார்க் எதுக்குப் பத்துதோ அதையே குடுத்துரும். பி.காம் கிடைச்சா அப்புறம் மேத்ஸ் வராது," என்றாள்.

"ஆபீஸ் நெளிவு சுளிவெல்லாம் ஒனக்குத் தெரியாதுட்டி," என்றேன்.

"அச்சா," என்று எழுந்து போய்விட்டாள்.

போபால் ஞாபகம் இருக்கிறதா? மாற்றல் படிவத்தில் இதே சாமர்த்தியத்தோடு சென்னையை மூன்றாவதாக எழுதினேன். முதலில் எழுதிய போபாலுக்கே போட்டார்கள். பெட்டி கட்டிக்கொண்டே நீ சொன்னாய், "கேட்டதத்தான குடுத்திருக்காவ. பொறவு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

முடிவு வந்த அன்று தாரணி போனோடு என் முன்னால் வந்து நின்றாள். கணிதம் என்று பார்த்ததும், "பாத்தியா, மூணாவதா போட்டது பலிச்சிருச்சு," என்றேன்.

"இல்லப்பா. கடைசி நாள் நீங்க ஆபீஸ் போனதும் நான் மாத்திட்டேன். மேத்ஸதான் மேல வச்சேன். உங்க வரிசைய விட்டிருந்தா பி.காம்தான் வந்திருக்கும். பாத்துட்டேன், அதுக்கும் என் மார்க் பத்திருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க கேக்கல."

கொஞ்ச நேரம் கோபமாக இருந்தது. அதற்குப் பிறகு வெட்கமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டும் போய், மனசு நிறைந்துவிட்டது. லட்டு வாங்கப் போனது அப்போதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், செண்பகம். பழியை ஆபீஸ் மேல் போட்டுவிட்டேன், ஆனால் அது மட்டும் காரணமில்லை. நீ படுத்திருந்த அந்த இரண்டு மாதமும் ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் சாமியிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். அது கிடைக்கவில்லை. இந்த மூன்று வருடமாக எதையும் நேராகக் கேட்கவே எனக்குப் பயம். நம் பிள்ளைக்காகக் கேட்பதற்கும் பயந்திருக்கிறேன், பார்.

அவளுக்கு அந்தப் பயம் இல்லை. உன்னை இழந்த பிறகும், வேண்டியதை முதல் வரியில் எழுதுகிறாள். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி அவள் படிவங்களில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தைத் தவிர வேறெங்கும் கைவைக்க மாட்டேன். அந்தக் கையெழுத்தை உனக்கும் சேர்த்தே போடுகிறேன்.

தாரணியின் அப்பா,
உன் வீட்டுக்காரன்
சுடலைமுத்து