பத்துப் புளியங்கொட்டை

9.10.2011

அன்புள்ள ஹிபா அக்காவுக்கு,

லிஜா எழுதுகிறேன். இயற்கை நமக்கு என்னவெல்லாம் தருகிறது என்ற உங்கள் ஆராய்ச்சிக்காக, ஏப்ரல் லீவில் எங்கள் ஊரில் உங்களோடு வீடு வீடாக வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் தந்த பறவைப் புத்தகத்தை இரண்டு முறை வாசித்துவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் அறிக்கையைக் கோயிலில் வாசித்தார்கள். கடல், ஆறு கடலில் சேரும் பொழிமுகம், குளம், தென்னந்தோப்பு எல்லாவற்றாலும் ஊருக்குப் பயன் உண்டு. மணல்மேட்டால் மிகக் குறைவு என்று இருந்தது. அந்த மேட்டை வெட்டி ரோடு போடப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை சிவப்புக் கம்புகள் நட்டாயிற்று. இருபதாம் தேதி ஜேசிபி வருமாம்.

அக்கா, தப்பு என்னுடையது.

உங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்று கடைசித் தெருவுக்கு நான் தனியாகப் போனேன். நீங்கள் சொன்னபடியே அந்த ஐந்து இடங்களின் படங்களையும் விரித்து, வீட்டுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தேன். அதிகம் தரும் இடத்தில் அதிகம் வைக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும் என்றேன். நேசம்மாள் சித்தி, "ஏட்டி, பல்லாங்குழி ஆட வந்தியா?" என்று சிரித்தார். பிறகு பத்தையும் மணல்மேட்டில் வைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் வீட்டோடு ஆறு வீடுகளில் அப்படித்தான். அதில் எங்கள் வீடும் ஒன்று. "எதுக்குன்னு கேக்காத மக்கா, எழுதிக்கோ" என்றாள் அம்மா.

எனக்குக் காரணம் தெரியும். சுனாமிக்கு மறுநாள், கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாமல், ஆறு பிள்ளைகளை அந்த மேட்டில்தான் அடக்கினார்கள். என் தம்பி சிஜோவும் அங்கேதான் இருக்கிறான். மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் நட்ட சிலுவைகள் நிற்கவில்லை.

உங்கள் தாளில் மீன், விறகு, தண்ணீர், காற்றுத் தடுப்பு என்று பயன்கள் அச்சாகியிருந்தன. எனக்குத் தெரிந்த காரணம் இதில் எதிலும் சேரவில்லை. காரணம் இல்லாத கொட்டை கணக்கில் வராது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். தாள் வெறுமையாகப் போகக் கூடாதே என்று அறுபதையும் வேறு படங்களுக்கு மாற்றி எழுதினேன். அம்மாவின் பத்தையும் கடலில் வைத்தேன். காரணம்: மீன்.

கம்பு நட்ட அன்று அம்மா மேட்டுக்குப் போய்விட்டு வந்தாள். "நாங்க வச்ச கொட்டை பத்தாம போச்சோ மக்கா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

இருபதாம் தேதிக்கு முன் திருத்தி எழுதிக் கொடுங்கள் அக்கா. முடிந்தால் நேரில் வாருங்கள். மாற்றியது லிஜாதான் என்று கோயிலிலேயே சொல்லுங்கள். கடலில் வைத்தேன் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
லிஜா