மழைக்கோட்டின் பின்னால் போன குஞ்சுகள்

கோபித்துக்கொண்டு உங்கள் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். குஞ்சுகளும் நலம். நேற்று எல்லாவற்றையும் சதுப்பு ஏரியில் விட்டுவிட்டோம். "தொட்டியில வாத்து நீந்தினா மனுஷன் எங்க குளிப்பான்?" என்று குதித்தீர்களே, அதே குஞ்சுகள்தான். அழிந்துகொண்டிருக்கும் இனம், எங்கள் பறவைக் காப்பகத்தில் இடமில்லை, நான் என்ன செய்வேன்?

மனித முகத்துக்குப் பழகிய வாத்து ஏரியில் பிழைக்காது. அதனால் உங்கள் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டி, அதன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுத்தான் தினமும் தீனி போட்டேன். கோட்டு போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடிவந்தன. நேற்று ஏரியில் தங்கள் இனத்தைக் கண்டதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நன்றி கெட்டவை! தொப்பிக்குள் என் முகம் யாருக்கும் தெரியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இன்று காலை எதிர்வீட்டம்மா பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் வந்துட்டார் போலிருக்கே! நேத்து அந்த மஞ்சக் கோட்ட போட்டுக்கிட்டு, வாத்துங்கள கூட்டிக்கிட்டு வண்டிக்குப் போனாரே, நான்தான் பார்த்தேனே. கோபமெல்லாம் போயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவியாயிற்று. கோட்டும் காய்ந்துவிட்டது. தெருவில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
போகும்போது நீங்கள் வைத்துவிட்டுப் போன பெயரில்,
வாத்துக்காரி