அவர் சொல்லிக்கொடுத்த பெயர்

ஆவணி, ஞாயிறு இரவு.

கருமத்தம்பட்டிக் கல்யாணத்தில் ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், என்ற பேரு சொல்லுங்க பாக்கலாம்!"

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். முகம் தெரிந்தது. பெயர் இருந்த இடத்தில், துடைத்த கரும்பலகை மாதிரி வெறும் வெள்ளைப்பொடி. கொரோனா வந்துபோனதிலிருந்து இப்படித்தான்.

அதே பள்ளியில் கணக்கு எடுத்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். காபி டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி "செல்வராணி" என்றார். பரீட்சையில் இப்படிச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன். இன்று வாங்கிச் சொல்லிவிட்டேன்.

"பாத்தீங்களா சார், டீச்சர் மறக்கவே இல்லீங்க! நீங்கதான் ஆளே தெரியாம நிக்கறீங்க."

"வயசாயிருச்சு கண்ணு," என்று அவரும் சிரித்தார்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவருக்கும் ஒரே அறையில், ஒரே காய்ச்சல். என்னிடமிருந்து மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவருக்கோ, விட்டுக்கொடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கிறது.

இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். என் பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தலைக்குள் இருக்கிறார்கள்.

செல்வராணியின் தங்கையும் என்னிடம்தான் படித்தாள். அவள் பெயரைக் காலையில் கேட்டால் உடனே சொல்லுவார்.

கேட்கமாட்டேன்.