ஓடக் கூடாது என்றுதானே சொன்னவர்

பெப்ரவரி 6, 2025, வியாழன்

இன்றும் கடற்கரையால் அலஸ்தோட்டம் வரை ஓட முடியவில்லை. பாதி வழியில் வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில், அதே இடத்தில் குத்தியது. கரைவலைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று சப்பாத்து நூலைக் கட்டுவதுபோல் குனிந்து நின்றேன். நொண்டிக்கொண்டு வீடு வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. இவர் வாசலில் நின்றார்.

"எங்க போனனீர் இவ்வளவு நேரம்? அப்பா நனைஞ்சு போய்க் கிடக்கிறார்."

பாரிசவாதத்தில் மாமா படுத்ததிலிருந்து அவரைத் தூக்குவதும் துடைப்பதும் நான்தான். முதலில் படுக்கையை மாற்றினேன். காலைப் பிறகுதான் பார்த்தேன். வீங்கியிருந்தது.

பெப்ரவரி 10, திங்கள்

கந்தோரில் பக்கத்து மேசை பஹ்மியா தன் ஸ்கூட்டியில் டொக்டரிடம் கூட்டிப்போனாள். எக்ஸ்ரேயில் எலும்பின் முன்பக்கத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. வெடிப்பாம்.

"ஓட்டத்தை முற்றா நிப்பாட்டுங்கோ. கனநேரம் நிக்கிறது, பாரம் தூக்கிறது ஒண்டும் ஏலாது. காலுக்கு ஓய்வு வேணும். இல்லாட்டி இது முழுசா முறியும்."

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன்.

"மாமாவைத் தூக்க ஏலாதாம். ஒரு ஆளைப் பிடிப்பமோ?"

"ஓடக் கூடாது எண்டுதானே சொன்னவர்? அதை நிப்பாட்டும், எல்லாம் சரிவரும். வெளியாள் கை வைச்சால் அப்பாவுக்குப் பிடிக்காது."

மாமாவால் பேச ஏலாது. பிடிக்காது என்று எப்போது சொன்னார்?

பெப்ரவரி 16, ஞாயிறு

ஓடப் போகும் நேரத்துக்குத் தானாக விழிப்பு வருகிறது. அந்த நேரத்தில் இப்போது இடியப்பம் அவிக்கிறேன். முன்பு கடையில் வாங்கினோம். "இப்ப காலமை உமக்கு நேரம் இருக்குத்தானே" என்றார்.

குசினியில் ஒற்றைக் காலில் நின்று பழகிவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

சப்பாத்தை எடுத்து அலுமாரிக்கு மேல் போட்டேன், கண்ணில் படாமல்.

மார்ச் 11, செவ்வாய்

பஹ்மியா கேட்டாள், "சுலோ அக்கா, ஓய்வா இருக்கிறீங்களா?" ஓம் என்றேன். என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் வேலைகளில் பாதியைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டாள். கழிப்பறைக்குள் போய் அழுதேன். ஏன்? அவள் நல்லதுதானே செய்தாள்.

மார்ச் 24, திங்கள்

இரண்டாவது எக்ஸ்ரே. கோடு அகன்றிருக்கிறது. இந்த முறை இவரும் வந்திருந்தார்.

"ஓடியிருக்கிறீங்கள், என்ன?" என்றார் டொக்டர்.

"இல்லை டொக்டர்."

"ஓடுற ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை."

இவரைப் பார்த்தேன். இவருக்குத் தெரியும். நான் வாசலைத் தாண்டி ஓடவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் இவர்தான்.

"நான் வேலைக்குப் போன பிறகு என்ன செய்யிறா எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்று சிரித்தார். டொக்டரும் சிரித்தார்.

நான் ஓடேல்லை. இங்கையாவது எழுதி வைக்கிறன். ஓடேல்லை, ஓடேல்லை! ஒரு நாள் ஓடியிருந்தாலும் அந்தக் காத்தாவது மிஞ்சியிருக்குமே. ஏன் அப்ப வாயைத் திறக்கேல்லை? டொக்டருக்கு முன்னால இவரை வெக்கப்படுத்தக் கூடாதெண்டோ? இவருக்கு அந்த வெக்கம் இல்லையே.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பேனா பஹ்மியா தந்தது.

சனிக்கிழமை காலை மாமாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றத் தூக்கினேன். காலுக்குள் ஒரு சத்தம். பச்சைத் தடி முறிவதுபோல். அவரையும் விழுத்திவிடுவேனோ என்ற பயத்தில் கட்டில் பக்கம் தள்ளிவிட்டு நான் சீமெந்தில் விழுந்தேன். மாமா கத்தினார். பாரிசவாதம் வந்த பிறகு அவர் குரலை நான் கேட்டது அன்றுதான். கத்திக்கொண்டே இருந்தார், இவர் சவர்க்கார நுரையோடு ஓடிவரும் வரை.

அம்புலன்சில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொய்யழுகை இல்லை. ஆனால் என்னால் அந்தக் கையைத் திருப்பிப் பிடிக்க முடியவில்லை.

எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பிறப்பு. வாட்டில் பாதிக் கட்டில்கள் வெறுமை. பஹ்மியா வட்டிலப்பம் கொண்டு வந்தாள். "திரும்ப ஓடலாமா எண்டு கேட்டீங்களா அக்கா?"

கேட்கவில்லை. பதில் வந்துவிடுமே.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று நாள். நடக்கலாமாம், காலம் எடுக்குமாம். ஓட்டத்தைப் பற்றி டொக்டர் தானாகவே சொன்னார், அதை மறந்துவிடும்படி.

மாமாவைப் பராமரிக்கக் கப்பல்துறைக் கிராமத்திலிருந்து தங்கரத்தினம் அக்கா வந்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே வந்தவராம். இவரோடு வேலை செய்பவரின் சொந்தக்காரி. இவர் ஒரு போன் எடுத்தாராம், அவ்வளவுதான். மாமா அக்காவின் கையால் சாப்பிடுகிறார். அக்கா கதைக்கும்போது வாயின் ஒரு பக்கத்தால் சிரிக்கிறார்.

ஒரு போன்.

காலையில் அக்கா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். "என்ன பிள்ளை, காலை எப்பிடி முறிச்சனீங்கள்?"

நான் வாய் திறக்கமுன் ஹோலிலிருந்து இவர் சொன்னார். "ஓட்டம், அக்கா. சொல்லச் சொல்லக் கேக்கேல்லை."

தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"இல்லை அக்கா. ஓட்டத்தை நான் மாசியிலேயே விட்டிட்டன். இது மாமாவைத் தூக்கேக்க முறிஞ்சது. தூக்க ஏலாது எண்டு இவருக்குச் சொன்னனான்."

ஹோலுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். முழுவதும் சொல்லி முடித்தேன். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். ஹோலில் ரீவி கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இவர் அதை நிறுத்தினார்.

அக்கா தேத்தண்ணீரை எடுத்துத் திரும்பவும் என் கையில் தந்தார்.